பின் டேங்கில் ஓட்டினால் முன் டேங்க் நிரம்புகிறது: பழுது எந்த டேங்கில்?

அமெரிக்காவில், ஹூஸ்டனுக்கு வெளியே குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவரிடம் 1992-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து வாங்கியது. 5.0 லிட்டர் வி8 பெட்ரோல் இஞ்சின், முன்னும் பின்னுமாக இரண்டு டேங்க், எந்த டேங்கிலிருந்து ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். பின் டேங்கில் வைத்து ஓட்டினால் பெட்ரோல் அளவு காட்டும் முள் மளமளவென இறங்குகிறது. அதே நேரத்தில், ஒரு சொட்டும் போடாத முன் டேங்கில் பெட்ரோல் ஏறுகிறது. ஒரு மதியம் முன் டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் வழிந்து கராஜ் தரையில் ஓடியிருக்கிறது. அப்போதுகூட முன் டேங்குக்கு முள் பாதிதான் காட்டியது. பாதிக்குக் கீழே இருந்தால் சரியாகவே காட்டுகிறது. காலையில் முன் டேங்கில் வைத்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. பின் டேங்கில் உடனே பிடித்துக்கொள்கிறது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர், பின் டேங்க் பம்பும் டேங்க் மாற்றும் வால்வும் போய்விட்டன என்றாராம். நண்பர் ஒருவர் முன் பம்பின் வயரைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர், இஞ்சினில் மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் லைனில் ஒன்-வே வால்வு போடு, இல்லாவிட்டால் அதை அடைத்துவிடு என்கிறார். வாசகர் சில காணொளிகளைப் பார்த்து, ஆறு குழாய் கொண்ட மாற்று வால்வு ஒன்றை வாங்கியும் வைத்துவிட்டார். மனைவி வண்டியைக் கராஜுக்குள் விடக்கூடாது என்கிறார். எதை நம்புவது, ரீகாலில் (கோளாறுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைக்கும் ஏற்பாடு) இலவசமாகச் சரிசெய்வார்களா, இப்படியே விற்றுவிட்டால் சிக்கல் வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

இத்தனை பேர் சொன்னதில் இன்றைக்கே கேட்க வேண்டியது உங்கள் மனைவி சொன்னதைத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். உங்கள் ஊர் வீடுகள் பலவற்றில் வெந்நீர் ஹீட்டர் கராஜிலேயே இருக்கும். அது எரிவாயுவில் ஓடுவதாக இருந்தால், அதன் சிறு சுடர் ஒன்றே போதும். வண்டியை வெளியே, வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். மண் தரையாக இருந்தாலும் பரவாயில்லை.

பழுது பார்க்கும் வரை ஒரு கணக்கை மட்டும் கடைப்பிடியுங்கள்: இரண்டு டேங்கிலும் சேர்த்து 12 கேலனுக்கு மேல், அதாவது 45 லிட்டருக்கு மேல், பெட்ரோல் இருக்கக்கூடாது. இந்த வண்டியின் நீளத்தைப் பொறுத்து முன் டேங்க் 16.5 அல்லது 19 கேலன் கொள்ளும். பின் டேங்க் சுமார் 18 கேலன். பின் டேங்கில் இருப்பது முழுவதும் முன்னால் போய்ச் சேர்ந்தாலும், மொத்தம் 12 கேலன் என்றால் வழிய வழியில்லை. டெக்சாஸ் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் பெட்ரோல் ஏறக்குறைய 2 சதவீதம் விரியும். கழுத்துவரை நிரம்பிய டேங்க் ஒரு லிட்டருக்கு மேல் வெளியே தள்ளிவிடும். மதியம் வழிந்ததற்கு இதுவும் கை கொடுத்திருக்கும்.

இன்னொன்று, கேட்டால் விசித்திரமாக இருக்கும். இப்போதைக்கு முன் டேங்கிலேயே ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தாலும், முன் டேங்கில் ஓடும்போது பெட்ரோல் இடம் மாறாது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

உங்கள் வண்டியில் அந்த வால்வே கிடையாது

ஃபோர்டு பிக்கப்களில் இரண்டு டேங்க் ஏற்பாடு காலத்துக்குக் காலம் மாறியது. கார்புரேட்டர் வண்டிகளிலும் டீசல் வண்டிகளிலும் சேஸியின் மேல் மோட்டார் வைத்த மாற்று வால்வு ஒன்று இருக்கும். ஸ்விட்சைத் தட்டினால் அது திரும்பும். 1980-களின் பிற்பகுதியில் வந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், ஒவ்வொரு டேங்கிலும் குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று, சேஸியில் உயர் அழுத்தப் பம்ப் ஒன்று, நடுவில் டேங்கைத் தேர்ந்தெடுக்கும் சிறு தேக்கக் குடுவை ஒன்று. 1990-இலிருந்து பெட்ரோல் வண்டிகளில் இவை எல்லாம் போய்விட்டன. ஒவ்வொரு டேங்குக்குள்ளும் ஒரு பம்ப் மாட்யூல். உயர் அழுத்தப் பம்ப், அளவு காட்டும் மிதவை, வால்வுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நீங்கள் பார்த்த காணொளிகள் பழைய வண்டிகளுடையவை. மெக்கானிக்கும் அந்த நினைவில்தான் பேசியிருக்கிறார். உங்கள் வண்டியின் சேஸியில் மாற்று வால்வைத் தேடினால் கிடைக்காது.

டேஷ்போர்டு ஸ்விட்ச் செய்வது இரண்டே வேலை: எந்தப் பம்புக்குக் கரண்ட் போக வேண்டும், எந்த மிதவையின் கணக்கை முள் காட்ட வேண்டும். பெட்ரோலின் பாதையை மாற்றுவது பம்பின் அழுத்தம். இரண்டு டேங்கிலிருந்து வரும் சப்ளை லைன்கள் ஒன்றாகச் சேர்ந்து இஞ்சினுக்குப் போகின்றன. இஞ்சினிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் லைன் இரண்டாகப் பிரிந்து இரண்டு டேங்குக்கும் போகிறது. பம்ப் ஓடத் தொடங்கியதும் அதன் அழுத்தம் அந்த மாட்யூலின் ரிட்டர்ன் வாயைத் திறக்கும். ஓடாத டேங்கில் ஸ்பிரிங் அந்த வாயை மூடி வைத்திருக்கும். சப்ளை பக்கமும் அப்படியே: ஓடாத பம்புக்குள் பெட்ரோல் பின்னோக்கிப் போகாமல் ஒரு செக் வால்வு தடுக்கும்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இஞ்சின் மட்டும் ஓடும்போது, அது ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேலன்கூடக் குடிக்காது. பம்ப் அதைப்போலப் பல மடங்கு தள்ளுகிறது. மிச்சம் முழுவதும் ரிட்டர்னில் திரும்பி வரும். பின் டேங்கில் ஓட்டும்போது முன் மாட்யூலின் ரிட்டர்ன் வாய் மூடியிருக்க வேண்டும். அது மூடாமல் நின்றுவிட்டால் திரும்பும் பெட்ரோலில் ஒரு பங்கு முன் டேங்குக்குள் போய் விழும். முன் டேங்கின் செக் வால்வு கசிந்தாலும் இதே விளைவு, சப்ளை வழியாக. இரண்டிலும் பழுது முன் டேங்கில். எந்த டேங்க் நிரம்புகிறதோ அதன் மாட்யூல்தான் கெட்டிருக்கிறது. காலியாகிற பின் டேங்கின் பம்பை மாற்றினால் பணம் போகும், பெட்ரோலும் பழையபடி முன்னால்தான் போகும்.

முன் டேங்கில் ஓட்டச் சொன்ன காரணமும் இதுவே. திறந்தே நிற்கும் வாய் முன் டேங்கினுடையது. முன் டேங்கில் ஓடும்போது அது திறந்திருக்கத்தானே வேண்டும்?

டேங்கை இறக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

முன் மாட்யூல் நிரபராதியாக இருக்க ஒரே ஒரு வழி உண்டு. இரண்டு பம்பும் ஒரே நேரத்தில் ஓடினால், முன் பம்பே தன் ரிட்டர்ன் வாயைத் திறந்துகொள்ளும். ஸ்விட்சுக்குள் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டாலோ, இரண்டு பம்பின் வயர்கள் எங்காவது உரசி ஒன்றோடொன்று தொட்டாலோ இப்படி நடக்கும். எனவே மல்டிமீட்டரை எடுத்து முதலில் இதைப் பாருங்கள். ஸ்விட்சை வெளியே இழுத்து, கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கத்திலிருந்து ஊசி முனையால் அளக்க வேண்டும். இஞ்சின் பின் டேங்கில் ஓடும்போது முன் பம்புக்குப் போகும் வயரில் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அங்கே 12 வோல்ட் இருந்தால் டேங்கைத் தொடவே வேண்டாம். ஸ்விட்சையும் வயரிங்கையும் பாருங்கள். எந்த வயர் எந்தப் பம்புக்கு என்று தெரியாவிட்டால், ஸ்விட்சை முன்னும் பின்னும் தட்டி, வோல்ட் வந்து போவதைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அங்கே பூஜ்ஜியம் என்றால் அடுத்தது அளவுச் சோதனை. முன் டேங்கில் கால் பங்கு, பின்னால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, பின் டேங்கில் அரை மணி நேரம் ஐடிலில் ஓட விடுங்கள். பிறகு ஸ்விட்சை முன்னால் தட்டி முள்ளைப் பாருங்கள். உங்கள் முள் பாதிக்குக் கீழே சரியாகக் காட்டுகிறது என்பதால் கால் பங்கில் தொடங்கச் சொல்கிறேன். முள் ஏறியிருந்தால் உறுதியாயிற்று.

பெட்ரோல் ரிட்டர்ன் வழியாகப் போகிறதா, சப்ளை வழியாகப் போகிறதா என்று தெரிய வேண்டுமானால் அழுத்தமானி வேண்டும். இஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பங்கிடும் குழாய்தான் ஃப்யூல் ரெயில். அதில் டயர் வால்வு போன்ற ஒரு முனை இருக்கும். மானியை அதில் மாட்டலாம். 5.0 லிட்டர் இஞ்சினுக்கு, கீ ஆன் செய்து இஞ்சின் ஓடாத நிலையில் 35 முதல் 45 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு). ஓடும்போது 30 முதல் 40. இணையத்தில் 50 முதல் 60 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது ஆறு சிலிண்டர் 4.9 லிட்டர் இஞ்சினுக்கு உரிய கணக்கு. பின் டேங்கில் ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்தும் முன் டேங்க் நிரம்பினால் குற்றவாளி ரிட்டர்ன் வால்வு. அழுத்தமே குறைந்து, இஞ்சினை நிறுத்தியதும் சரசரவென விழுந்தால் செக் வால்வைச் சந்தேகிக்கலாம். அப்படி விழுவதற்கு இன்ஜெக்டர் கசிவும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரும்கூடக் காரணமாகலாம். ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் அதற்குள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இந்த வண்டியின் லைன்கள் பெரும்பாலும் நைலான். ரப்பர் குழாயைப் போல இடுக்கியால் அழுத்திச் சோதிக்கப் போனால் மடிந்து விரிசல் விடும்.

காலையில் முன் டேங்கில் ஏன் பிடிப்பதில்லை?

செக் வால்வு கசிந்து இரவில் லைன் காலியாகிவிடுகிறது என்பது உங்கள் ஊகம். நியாயமான ஊகந்தான், ஆனால் பொருந்தவில்லை. சப்ளை லைன் இரண்டு டேங்குக்கும் பொது. முன் செக் வால்வு கசிந்தால் காலையில் எந்த டேங்கில் வைத்தாலும் லைன் காலியாகவே இருக்கும். பின் டேங்கில் உடனே பிடிக்கிறது என்றால், காலி லைனையும் பின் பம்ப் சட்டென்று நிரப்பிவிடுகிறது, முன் பம்பால் முடியவில்லை என்று பொருள். அதாவது முன் பம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது அதற்கு வேண்டிய வோல்ட் கிடைக்கவில்லை.

இரண்டாவதை முதலில் பாருங்கள், செலவு குறைவு. இந்த வண்டியில் பம்பின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. முப்பது ஆண்டில் தொடுமுனை கருகிப்போவது சாதாரணம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, டேங்குக்கு அருகிலுள்ள கனெக்டரில் முன், பின் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட் வரை குறைந்தால் விட்டுவிடலாம். முன்னால் 10 வோல்ட், பின்னால் 12 என்று வந்தால் பழுது ஸ்விட்சிலோ வயரிலோ எர்த்திலோ இருக்கிறது. பம்ப் இல்லாத கனெக்டரில் அளந்தால் எப்போதும் 12 காட்டும், அது எதற்கும் உதவாது. வோல்ட் சரியாக இருந்தும் முன் டேங்கில் அழுத்தம் மெதுவாக ஏறினால் பம்பின் காலம் முடிந்தது.

இன்று காலைக்கு ஒரு தற்காலிக வழி: கீயை ஆன் செய்து ஓரிரு நொடி பொறுத்து ஆஃப் செய்யுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் சிறிது ஓடி லைனை நிரப்பும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சித்திரவதை செய்வதைவிட இது மேல்.

முள்ளின் கதையும் முன் டேங்கில்தான் முடிகிறது. ஒரே முள்தான் இரண்டு டேங்குக்கும். பின் டேங்கைச் சரியாகக் காட்டுவதால் முள்ளின் மேல் பழி இல்லை. மிதவையின் மின்தடை, டேங்க் காலியாக இருக்கும்போது சுமார் 16 முதல் 22 ஓம், நிரம்பினால் 145 முதல் 158 ஓம். ஸ்விட்சிலோ கனெக்டரிலோ துரு பிடித்தால் தடை கூடும். அப்போது முள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுமே தவிரக் குறைவாகக் காட்டாது. நிரம்பிய டேங்குக்குப் பாதி காட்டுகிறது என்றால், மிதவை எதிலோ முட்டி நிற்கிறது அல்லது அதற்குள் பெட்ரோல் புகுந்து மூழ்குகிறது. முன்னறிவிப்பே இல்லாமல் வழிந்ததற்கு இதுதான் காரணம். மிதவையும் மாட்யூலின் அங்கம் என்பதால் அதற்குத் தனிச் செலவு இல்லை.

ஆளுக்கொன்றாகச் சொன்ன வழிகள்

ஸ்விட்ச் சோதனையில் பூஜ்ஜியம் காட்டியிருந்தால், முன் பம்பின் வயரைக் கழற்றிவிடுவதால் ஒரு பயனும் இல்லை. பின் டேங்கில் ஓடும்போது முன் பம்புக்கு ஏற்கெனவே கரண்ட் இல்லை; அப்படியிருந்தும்தானே பெட்ரோல் அங்கே போகிறது?

ரிட்டர்னில் ஒன்-வே வால்வு என்ற யோசனை கேட்கச் சரியாகத் தோன்றும். பலர் இதைச் செய்துவிட்டு ஏமாறுகிறார்கள். ரிட்டர்னில் பெட்ரோல் எப்போதும் இஞ்சினிலிருந்து டேங்கை நோக்கித்தான் போகிறது. சரியான டேங்குக்குப் போனாலும் தவறான டேங்குக்குப் போனாலும் திசை ஒன்றே. ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு எதைத் தடுக்கும்? சப்ளை வழியாகக் கசிந்தால் மட்டும் சப்ளை லைனில் அது உதவும், அதுவும் அந்த அழுத்தத்துக்கென்று செய்த வால்வாக இருந்தால்.

பொது ரிட்டர்ன் லைனையே அடைப்பது ஆபத்து. ரெகுலேட்டர் மிச்சப் பெட்ரோலை ரிட்டர்னில் விட்டுத்தான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. போக வழியில்லை என்றால் அழுத்தம் அளவைத் தாண்டி எகிறும். இஞ்சின் கறுப்புப் புகை விடும். பழைய குழாய் ஒன்று சூடான இஞ்சின் மேலேயே பிளக்கும்.

நீங்கள் வாங்கிய ஆறு குழாய் வால்வை வீணென்று சொல்ல மாட்டேன். சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் சேர்த்துத் திருப்புவதால், டேங்க் ஸ்விட்சோடு ஒழுங்காக இணைத்தால் இடமாற்றத்தை அது நிறுத்தும். ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கென்று செய்த வால்வு சில பிஎஸ்ஐ அழுத்தத்துக்கே பழகியது. உங்கள் லைனில் 40 பிஎஸ்ஐ. பெட்டியில் அழுத்த அளவு தெளிவாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருந்தாலும்கூட, தளர்ந்த பம்புக்கும் மூழ்கிய மிதவைக்கும் எப்படியும் முன் டேங்கை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது மாட்யூலையே மாற்றிவிட்டால் வால்வுக்கு வேலையே இல்லை.

இப்போதைக்கு முன் டேங்கே வேண்டாம் என்றால் அதற்கும் முறையான வழி உண்டு. முன் மாட்யூலில் சப்ளை, ரிட்டர்ன் இரண்டு லைன்களையும் கழற்றி, அழுத்தம் தாங்கும் மூடிகளால் லைன் முனைகளை அடைத்து, கனெக்டரையும் கழற்றி, டேங்கைக் காலியாக வைத்துவிட வேண்டும். பின் டேங்கின் சுமார் 18 கேலன் ஒன்றே ஊருக்குள் ஓட்டப் போதும். பாதி செய்து விட்டுவிடுவதுதான் கூடாது.

முன் டேங்கை இறக்கி மாட்டும்போது

பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இனி ஒருபோதும் வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும், வாந்தி எடுக்க முயன்றால் இன்னும் மோசமாகும். டேங்கைக் காலி செய்யச் சிறந்த வழி, முன் டேங்கில் ஓட்டித் தீர்ப்பது. நிரம்பிய டேங்கில் பெட்ரோல் மட்டுமே 45 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தனியாளாக இறக்க முடியாது.

லைனில் அழுத்தத்தை இறக்க, பயணி பக்கம் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இனெர்ஷியா ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். மோதலின்போது பம்பை நிறுத்துவதற்காக வைத்தது அது. இஞ்சினை ஓட விட்டால் தானாக நின்றுவிடும். பிறகு ஐந்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். அதன்பின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வேலை நடப்பது வெளியில். பெட்ரோல் தீக்கு உரிய அணைப்பான் கையெட்டும் தூரத்தில். தொங்கவிடும் பல்பு விளக்கு கூடவே கூடாது, எல்இடி டார்ச் போதும்.

டேங்கைத் தாங்கும் பட்டைகளின் போல்ட் துருப்பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நிரப்பும் குழாய், காற்றுக் குழாய் இரண்டின் கிளாம்ப்களையும் தளர்த்திவிட்டு, ஜாக்கியின் மேல் பலகை வைத்து டேங்கைத் தாங்கிக்கொண்டு பட்டைகளைக் கழற்றுங்கள். ஒரு சாண் இறக்கியதும் மேலே கை போகும். லைன்களைக் கழற்றுமுன் பாருங்கள், டேங்கின் தலையில் முப்பதாண்டு மண் படிந்திருக்கும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் மாட்யூலைத் திறந்தால் அத்தனையும் உள்ளே விழும். லைன் முனைகளில் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். பழையவை உடையும், புதியவை சிலவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

டேங்க் கீழே வந்ததும் ஒரு நிமிடச் சோதனை. மாட்யூலின் ரிட்டர்ன் முனையில் சுத்தமான குழாய் ஒன்றை மாட்டிக் கைப்பம்பால் லேசாகக் காற்றை அழுத்துங்கள். பம்ப் ஓடாத நிலையில் காற்று உள்ளே போகக்கூடாது. தடையே இல்லாமல் போனால் சந்தேகத்துக்கு இடமில்லை. கம்ப்ரஸர் காற்று வேண்டாம், நல்ல வால்வையும் அது கெடுத்துவிடும்.

மாட்யூலின் பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி இடப்பக்கமாகத் திருப்புங்கள். இரும்பு உளி பொறி பறக்கவிடும். மிதவைக் கை வளையாமல் மாட்யூலைச் சாய்த்து எடுக்க வேண்டும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிதாகத்தான் போட வேண்டும்.

கடையில் கேட்கும்போது கவனம். பம்பை மட்டும் வாங்கிப் பழைய மாட்யூலில் பொருத்தினால் காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் இடம் மாறுவது நிற்காது, ஏனென்றால் வால்வு பழையதுதான். இரண்டு டேங்க் வண்டிக்கான, வால்வு உள்ள முழு மாட்யூல் என்றும், 5.0 லிட்டர் என்றும், முன் டேங்க் என்றும் சொல்லிக் கேளுங்கள். முன், பின் டேங்குகளின் ஆழம் ஒன்றல்ல என்பதால் மாற்றிக் கொடுத்துவிட்டால் மிதவையின் கணக்கு மறுபடியும் தப்பும். சேஸியில் இருக்கும் ஃப்யூல் ஃபில்டரையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். டேங்க் வழிந்த வண்டிகளில், ஆவிக் குழாய் வழியாகப் பெட்ரோல், ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்துகள் டப்பாவுக்குள் போயிருக்கக்கூடும். அதை ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அதற்கும் செலவு உண்டு.

ரீகாலும் விற்பனையும்

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. இரண்டு டேங்க் கொண்ட 1990 முதல் 1993 வரையிலான பெட்ரோல் பிக்கப்களுக்கு, பெட்ரோல் தவறான டேங்குக்குத் திரும்பி வழியும் இதே கோளாறுக்காக 1993-இல் ஃபோர்டு ரீகால் அறிவித்தது. ஆனால் அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத் தளத்தில் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்ததால் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தத் தேடல் பொதுவாக 15 ஆண்டுக்கு மேற்பட்ட ரீகால்களைக் காட்டாது. ஆண்டு, மாடல் வைத்துத் தேடினால் காட்டும். டீலரின் சேவைப் பிரிவில் வின் எண்ணைக் கொடுத்து, ரீகால் வேலை முன்பே முடிந்ததா என்று கேட்கலாம். முடிந்திருந்தால் இரண்டாம் முறை இலவசம் கிடையாது. முடியவில்லை என்றாலும் அந்தக் காலத்து உதிரிபாகம் இன்னும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்குத் தகுந்த விஷயம், அதற்காக வேலையைத் தள்ளிப்போடத் தகுந்ததில்லை.

வாங்குபவர் ஆண்டுப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புப் பரிசோதனை 2025 ஜனவரி 1 முதல் இல்லை. சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) புகைச் சோதனை தொடர்கிறது என்றாலும் 24 வயதைத் தாண்டிய வண்டிக்கு அதுவும் கிடையாது. ஆக, உங்களைத் தவிர வேறு யாரும் இதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. உள்ளது உள்ளபடி என்று எழுதி விற்பது அங்கே வழக்கம்தான். ஆனால் தெரிந்த ஆபத்தை மறைத்து விற்கவோ, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லவோ அந்தச் சொல் பாதுகாப்புத் தராது. பழுதோடு விற்பதென்றால், பின் டேங்கில் ஓட்டும்போது பெட்ரோல் முன் டேங்குக்கு மாறி வழியக்கூடும் என்று விற்பனைச் சீட்டிலேயே எழுதி, வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சட்ட நுணுக்கம் வேண்டுமானால் அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஸ்விட்ச் சோதனைக்குச் செலவே இல்லை. ஒரு மாட்யூலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போட்டால் வண்டி நல்ல விலைக்குப் போகும், அல்லது விற்கவே மனம் வராது.

மாட்டி முடித்ததும் முன் டேங்கில் முதலில் 5 கேலன் மட்டும் போடுங்கள். கீயைச் சில முறை ஆன் செய்து, அழுத்தம் ஏறிய பிறகு இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அரை மணி நேரம் பின் டேங்கில் ஓட விட்டு முன் முள்ளைப் பாருங்கள், அசையக்கூடாது. அதன் பிறகே முன் டேங்கை முழுவதும் நிரப்பலாம். ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் அதன் கசிவு டேங்க் நிரம்பும்போதுதான் தெரியும். அன்று இரவும் வண்டி வெளியிலேயே நிற்கட்டும். காலையில் டேங்கின் தலையைத் தடவிப் பார்த்து, காய்ந்திருந்தால் கராஜுக்குள் கொண்டுபோகலாம்.